நீதவான் போட்ட காணிக் கட்டளை: காணி யாருக்கு என்ற தீர்ப்பா அது?

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பத்தாம் தரத்தில் படிக்கும் மகளின் குடியியற் கல்விப் பாடத்தில், குற்ற வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்கும் காணி வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகும் என்று இருக்கிறதாம். ஆனால் பக்கத்துக் காணிக்காரர் கதியால் வேலியைப் பிடுங்கி இவர்கள் பக்கம் தள்ளி நட்டதில் வந்த பிரச்சினையை, பொலிசார் நேரே நீதவான் முன் கொண்டுபோனார்கள். வேலி நகர்ந்தவுடனே இவர்கள் முறைப்பாடு செய்யவில்லை. சொந்தக்காரரை வைத்துப் பேசிப் பார்த்து ஐந்தாறு மாதம் போய்விட்டது. பிறகு வேலியைக் கழற்றப் போன இடத்தில் கைகலப்பு. இவருடைய தம்பிக்கு மண்வெட்டிப் பிடியால் அடி. கடைசியில் நீதவான், அந்தத் துண்டில் இப்போதைக்குப் பக்கத்துக் காணிக்காரரே இருக்கலாம் என்று கட்டளை போட்டுவிட்டார். புத்தகம் பிழையா, நீதிமன்றம் பிழையா என்று மகள் கேட்கிறாள். கூடவே, பாராளுமன்றம் பெரிதா நீதிமன்றம் பெரிதா என்றும் கேட்டிருக்கிறாள்.

மகளின் கேள்விக்குப் பின்னால் தாயின் கேள்வி ஒன்று நிற்கிறது: "எங்கட காணி போயிட்டுதா?" முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சட்டத்தரணியாக வருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் குடியியல் படிப்பித்தேன். அதற்குப் பிறகு நீண்ட காலமாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு நீதிமன்றங்களில் காணி வழக்குகள்தான் என் பெரும்பாலான வேலை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது 66 ஆம் பிரிவுக் கட்டளை, அதாவது இப்போதைக்கு நிலம் யார் கையில் இருக்கலாம் என்று மட்டும் சொல்லும் கட்டளை. அப்படியென்றால் காணி போகவில்லை. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் சும்மா இருந்தால் போகலாம். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு வேலியில் நடந்த ஒரே சம்பவத்திலிருந்து மூன்று தனித்தனி விஷயங்கள் கிளம்புகின்றன. முதலாவது, தம்பிக்கு விழுந்த அடி. அது குற்றம். 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையில் காயம் விளைவித்தல் என்று இருக்கிறது. அந்த வழக்கைக் கொண்டு நடத்துவது பொலிஸ். அடி வாங்கியவர் தம்பியாக இருந்தாலும் நீதிமன்றத்தில் அவர் ஒரு சாட்சி மட்டுமே. அடித்தவரை நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டு தண்டம் விதித்தால் அந்தக் காசு அரசுக்குப் போகும். "அடி எனக்கு, காசு அரசாங்கத்துக்கா?" என்று எத்தனையோ பேர் நீதிமன்ற வாசலில் நின்று என்னிடம் ஆதங்கப்பட்டிருக்கிறார்கள். நியாயமான ஆதங்கம்தான். தண்டத்தோடு சேர்த்து, காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிடவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்க வேண்டும், கேட்காமல் பலர் விட்டுவிடுகிறார்கள். குற்ற வழக்கில் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், தான் செய்யவில்லை என்று நிரூபிக்கத் தேவையில்லை. அவர்தான் செய்தார் என்று நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சாத அளவுக்கு வழக்குத் தொடுப்பவர் காட்ட வேண்டும். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் இருக்கிற இடத்தில் அளவுகோல் அவ்வளவு கடுமையாக இருப்பதுதான் சரி.

இரண்டாவது, அந்தத் துண்டு நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. இது சிவில் வழக்கு, புத்தகத்தில் குடியியல் வழக்கு என்று இருக்கும். இங்கே பொலிசுக்கு வேலை இல்லை. வழக்காளி நீங்கள், எதிராளி அவர். செலவும் உங்களுடையது, நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. ஆனால் அளவுகோல் இளகினது. இரண்டு பகுதிச் சாட்சியத்தையும் நிறுத்துப் பார்த்து எந்தப் பக்கம் உண்மையாக இருக்கக் கூடுதல் வாய்ப்பு என்று நீதிபதி பார்ப்பார். முடிவில் யாரும் மறியலுக்குப் போவதில்லை. காணி இன்னாருடையது என்ற பிரகடனம், மற்றவரை வெளியேற்றும் கட்டளை, நட்டஈடு, இவைதான் கிடைக்கும். இதைத்தான் மகளின் புத்தகம் மாவட்ட நீதிமன்றத்தில் வைக்கிறது. அடித்த வழக்கில் அவர் விடுதலையானாலும் காணி வழக்கில் நீங்கள் வெல்லலாம். தம்பி காயப்பட்டதாலேயே காணி உங்களுடையது என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாவதுதான் பள்ளிப் பாடத்தில் அநேகமாகச் சொல்லித் தரப்படாதது. அதுவே வன்னியில் காணிக்காரர் அதிகம் சந்திப்பது. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு, காணித் தகராறால் அமைதி கெடும் நிலை இருந்தால் பொலிசார் அதை ஆரம்ப நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. தரப்புகளில் ஒருவர் தானே சத்தியக்கடதாசியோடு போகவும் வழி இருக்கிறது. ஆரம்ப நீதிமன்றம் என்று தனியாக ஒன்று நாட்டின் பெரும்பாலான இடங்களைப் போல இங்கேயும் இல்லை. அதனால் அந்த வேலையையும் நீதவானே பார்க்கிறார். ஒரே மண்டபம், ஒரே நீதிபதி. ஆனால் உங்கள் வழக்கு கூப்பிடப்படும்போது அவர் குற்ற வழக்கு விசாரிக்கவில்லை. உங்களிடம் இருக்கும் அழைப்புக் கட்டளையை எடுத்துப் பாருங்கள். எதிரி, குற்றச்சாட்டு என்ற சொற்கள் அதில் இராது. முதலாந் தரப்பு, இரண்டாந் தரப்பு என்றுதான் இருக்கும். 66 என்ற எண்ணும் இருக்கும். காணியில் ஒரு மரத்திலோ வேலிக் கதியாலிலோ நீதிமன்ற அறிவித்தல் ஒன்றை ஒட்டிவிட்டும் போயிருப்பார்கள். அந்தக் காணியில் உரிமை கோருகிற வேறு யாரும் இருந்தால் வரட்டும் என்பதற்காக.

அந்த விசாரணையில் நீதவான் பார்ப்பது, பொலிஸ் அறிக்கை தாக்கலான நாளில் அந்த நிலம் யார் கையில் இருந்தது என்பதை மட்டும். இரண்டு பேர் ஒரு மாட்டுக்கு அடிபட்டால், மாடு யாருடையது என்று தீரும்வரை அதை எந்தப் பட்டியில் அடைத்து வைப்பது என்று ஊர்ப் பெரியவர் சொல்வாரே, அந்த மாதிரித்தான். உறுதி (காணிப் பத்திரம்) செல்லுமா, அரசு கொடுத்த பெர்மிட் யார் பெயரில், எல்லைக் கல் எங்கே என்பதெல்லாம் அங்கே கடைசி முடிவுக்கு வராது. இந்தக் கட்டளை, காணியில் ஒருவருக்குள்ள உரிமையை அவர் சிவில் வழக்கில் நிலைநாட்டுவதைப் பாதிக்காது என்று அந்தச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு இல்லை என்றும் சொல்கிறது. ஆனால் சட்டப் பிழை இருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுப் போடலாம். அதுவரை கட்டளையை மீறி வேலியைக் கழற்றப் போகாதீர்கள். மீறினால் அதுவே குற்றம். அப்போது நீங்கள் உண்மையாகவே நீதவான் முன் எதிரியாக நிற்க வேண்டிவரும்.

அப்படியானால் ஏன் அவர் பக்கம் கட்டளை போனது? உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் இதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன ஐந்தாறு மாதத்தில் காரணம் இருக்கலாம். ஒருவரைப் பலாத்காரமாக வெளியேற்றி நிலத்தைப் பிடித்திருந்தால், பிடித்தவருக்குச் சாதகமாகக் கட்டளை போகக் கூடாது என்று சட்டம் நினைத்திருக்கிறது. அதற்காக 68 ஆம் பிரிவில் ஒரு விதி வைத்திருக்கிறது. அறிக்கை தாக்கலான நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அந்த வெளியேற்றம் நடந்திருந்தால், வெளியேற்றப்பட்டவரைத் திரும்பக் காணியில் இருத்தலாம். இரண்டு மாதம் தாண்டினால் அந்தக் கதவு சாத்தப்படும். நீங்கள் பேசித் தீர்க்கப் பார்த்தது நல்ல மனத்தோடு செய்தது; அயலோடு சண்டை வேண்டாம் என்று நினைப்பது தப்பில்லை. ஆனால் சட்டத்தின் கணக்கு அந்த நாட்களை நிறுத்தி வைப்பதில்லை. இதை வாசிக்கிற மற்றவர்கள் ஒன்றைச் செய்யலாம்: பேச்சுவார்த்தை நடக்கும்போதே பொலிசில் முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாடு இருந்தால் போதும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். இரண்டு மாதம் எண்ணப்படுவது நீதிமன்றத்தில் அறிக்கை தாக்கலான நாளிலிருந்து பின்னோக்கி. பொலிசார் இழுத்தடித்தால் நீங்களே சத்தியக்கடதாசியோடு போக வேண்டும்.

சரி, மகளுக்கு வருவோம். புத்தகம் பிழையில்லை, அது சுருக்கம். நீதவான் நீதிமன்றம் குற்ற வழக்குக்கு என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். ஆனால் நீதவானின் வேலை அதைவிட அகலமானது என்பதை அவள் தெரிந்திருக்க வேண்டும். கைது செய்யப்பட்டவரைச் சாதாரண சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் அவர் முன்தான் நிறுத்த வேண்டும். விளக்கமறியலா பிணையா என்பதை முதலில் பார்ப்பவர் அவர். கொலை போன்ற பெரிய குற்றத்தின் வழக்கு விசாரணை மேல் நீதிமன்றத்தில், சட்டமா அதிபர் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரத்தின் மேல் நடக்கும். ஆனாலும் அந்த வழக்கு தொடங்குவது நீதவான் முன்தான். சந்தேகத்துக்கிடமான மரணத்தை விசாரிப்பவரும் அவரே. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் தெரிந்தபோது, அகழ்வு முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில்தான் நடந்தது. மன்னார் சதொச வளாகத்தில் 2018 இல் தோண்டியபோதும் இதே ஒழுங்குதான். அந்தக் குழிகளின் ஓரத்தில் எத்தனை தாய்மார் நின்றார்கள் என்று வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. நீதவான் என்றால் தண்டிப்பவர் என்று மட்டும் ஒரு பிள்ளை மனப்பாடம் செய்தால், அந்தத் தாய்மார் ஏன் நீதவானை நம்பி நின்றார்கள் என்பது அவளுக்கு விளங்காமல் போய்விடும்.

மேலே உள்ள படிகள் சுலபம். மேல் நீதிமன்றம், அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில் உயர் நீதிமன்றம். இந்தியச் செய்திகளில் உயர் நீதிமன்றம் என்பது மாநில அளவிலானது; தொலைக்காட்சி பார்த்துவிட்டு இரண்டையும் கலந்து எழுதாமல் இருந்தால் போதும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் மட்டும் படி ஏறத் தேவையில்லை, அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி நேரே உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள்.

பாராளுமன்றம் பெரிதா நீதிமன்றம் பெரிதா என்ற கேள்விக்கு வகுப்பறையில் "இரண்டும் சமம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் போதாது. 2018 நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13 ஆம் திகதி ஒருமித்த தீர்ப்பில் அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். பாராளுமன்றத்தை அன்று காப்பாற்றியது நீதிமன்றம். ஆனால் அதே நீதிமன்றத்துக்கு, பாராளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் சான்றுரைத்த ஒரு சட்டத்தை "இது அரசியலமைப்புக்கு முரண், செல்லாது" என்று தள்ள அதிகாரம் இல்லை. 1978 அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரை அந்த வழியை அடைத்திருக்கிறது. இந்தியாவில் நீதிமன்றம் சட்டத்தையே இரத்துச் செய்கிறது, இங்கே முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, அது பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட சில நாட்களுக்குள், குடிமகன் எவரும் உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். அந்த நாட்கள் தாண்டினால் முடிந்தது. கொழும்பில் வர்த்தமானியைத் தினமும் பார்க்கிறவருக்கு அது சரிவரும். வயலுக்கும் குளத்துக்கும் இடையில் ஓடுகிற ஒரு வன்னிக்காரர் அந்தச் சில நாட்களுக்குள் அதை எப்படி அறிவது? இது நம் அரசியலமைப்பில் பெரிய குறை என்பது என் உறுதியான கருத்து. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயரோடு வந்தது, 1982 இல் நிலையாக்கப்பட்டது. அதன் கீழ் கைதாகிறவருக்கு மேலே சொன்ன 24 மணி நேரம் பொருந்தாது. அதனால் எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்கில் அலைந்தும், அந்தச் சட்டத்தையே செல்லாது என்று சொல்லும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இருக்கவில்லை. சட்டத்தை மாற்ற வேண்டுமானால் பாராளுமன்றத்தால்தான் முடியும்.

பாராளுமன்றத்தில் 225 பேர். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் தேசியப் பட்டியலில். உங்கள் விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம் என்பதால் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் வரும். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து கடந்த தேர்தலில் ஆறு பேரைத் தெரிவு செய்தன. அதே பரந்தன் முல்லைத்தீவு வீதியில் கொஞ்சத் தூரம் தள்ளித் தர்மபுரம் போனால் கிளிநொச்சி மாவட்டம், அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. மகளின் வகுப்பில் இதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பாதிப் பேருக்குத் தெரியாமல் இருக்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அந்தக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து எடுங்கள். வடக்கில் நீதிமன்றப் பதிவேடு தமிழில்தான் இருக்க வேண்டும், ஆகவே நீங்களே வாசித்துப் பார்க்கலாம். பொலிசில் கொடுத்த வாக்குமூலம் வேறு மொழியில் எழுதப்பட்டிருந்தால் அதையும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டாத எதிலும் இனிமேல் கையெழுத்து வைக்க வேண்டாம். அடுத்தது, காணி உறுதிக் காணியா பெர்மிட் காணியா என்பது. இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வழி இதில்தான் பிரியும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் என்றால் நிலம் இன்னும் அரசுடையது. பிரதேச செயலகக் காணிப் பகுதியில் உங்கள் துண்டின் அளவும் எல்லையும் பேரேட்டில் இருக்கும். அங்கே முதலில் எழுத்தில் கேளுங்கள், பல எல்லைத் தகராறுகள் அந்த மேசையிலேயே தீர்ந்திருக்கின்றன. உறுதிக் காணி என்றால் மாவட்ட நீதிமன்றம். இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். எழுதிய நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும், அங்கே தேடுங்கள். வழக்கின் பெறுமதி குறைவாக இருந்தால் வழக்குப் போடுமுன் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் வாங்கி வர வேண்டியிருக்கும். அங்கேயே சமாதானம் வந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, காலம் முழுக்க அந்த மனிதரோடுதான் வேலி பகிரப் போகிறீர்கள்.

நான் "சும்மா இருந்தால் போகலாம்" என்றது இதனால்தான்: தனியார் காணியில் ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல், உங்கள் உரிமையை மறுத்து ஆண்டுகொண்டிருந்தால், 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி அவர் உரித்துக் கோர முடியும். அரச காணிக்கு எதிராக அப்படிக் கோர முடியாது. 66 ஆம் பிரிவுக் கட்டளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், "நீதவானே சொல்லிட்டார்" என்று மனம் விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வருடங்கள் கழித்து அவர்களின் பிள்ளைகள் கோப்பைத் தூக்கிக்கொண்டு வரும்போது, சாட்சி சொல்ல ஊரில் ஆள் மிஞ்சியிருப்பதில்லை. போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து காணியைக் கவனிக்க முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. உங்கள் தகராறு அண்மையது என்பதால் அது இங்கே பொருந்தாது.

மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் வெல்வீர்களா என்று இங்கே இருந்துகொண்டு சொல்ல மாட்டேன். உறுதியில் உள்ள பரப்பும் நிலத்தில் உள்ள பரப்பும் ஒத்துப்போகாத காணிகள் வன்னியில் நிறைய. நீதிமன்றம் அனுப்பும் நில அளவையாளர் சங்கிலி போட்டு வரைபடம் எடுத்த பிறகு, தள்ளி நட்டதாக நினைத்த வேலி சரியான இடத்தில் இருந்ததும் உண்டு, இன்னும் அதிகம் தள்ளியிருந்ததும் உண்டு. வழக்குச் செலவுக்கு வழி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் வருமான விபரத்தோடு கேளுங்கள், தகுதி இருந்தால் சட்டத்தரணியை அவர்களே ஒழுங்கு செய்வார்கள். போகும்போது கட்டளைப் பிரதி, உறுதி அல்லது பெர்மிட், பழைய வரைபடம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், தம்பியின் வைத்தியசாலைச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பழைய கதியால்களின் அடிக்கட்டைகள் நிலத்தில் இன்னும் இருந்தால் அவற்றைப் பிடுங்காமல், திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.